‘தே’ சேர்த்துச் சொல்லுங்க

சனிக்கிழமை காலையில் கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்து வருவேன். ஒரு கடைவீட்டு மாடியில் ஜப்பானிய மொழி படிக்கப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஏவல் பாடம் வரும் வாரம் மட்டும் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் என் அப்பாவைப் பற்றிச் சொல்வேன்.

அவருக்கு ஜப்பானிய மொழியில் மூன்று வார்த்தை தெரியும். கியொத்சுகே, யாசுமே, பாங்கோ. நேராக நில், தளர்ந்து நில், எண் சொல். 1942 ஜனவரி 11-ல் ஜப்பானியப் படை கோலாலம்பூருக்குள் வந்தது. மறு வருடம் ரயில் பாதை போடத் தோட்டத்திலிருந்து அப்பாவைச் சயாமுக்கு ஏற்றிப் போனார்கள். 415 கிலோமீட்டர் ரயில் பாதை; நம் தோட்டத்து ஜனங்கள் ஆயிரமாயிரமாகச் செத்துப்போன பாதை. அப்பா திரும்பி வந்தார். அந்த மூன்று வார்த்தையும் கூடவே வந்தது.

பிள்ளைகளே, இனி பாடம்.

1. முதலில் ‘தே’யைப் பிடித்துக்கொள்ளுங்கள். தாபேதே என்றால் ‘சாப்பிட்டு’. மித்தே என்றால் ‘பார்த்து’. நம் வினையெச்சம் செய்கிற வேலையை அங்கே ‘தே’ செய்கிறது. நாம் ‘செய்து பார்’ என்கிறோம், அவர்கள் ‘ஷித்தே மிரு’ என்கிறார்கள். மிரு என்றாலும் ‘பார்’தான். ‘செய்து வை’க்கு ‘ஷித்தே ஓக்கு’. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் வாரக்கணக்கில் மல்லுக்கட்டும் இடம் இது, நமக்கு வீட்டுப் பேச்சு. இந்த ஒற்றுமைகளை வைத்து சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நீங்களும் உறவு கொண்டாட வேண்டாம், வசதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் கியொத்சுகேயையே பாருங்கள். அதன் வேர் ‘கவனம் வை’. அதோடு ஒரு ‘தே’ சேர்ந்தால் கியொத்சுகெத்தே. வாசலில் நின்று வழியனுப்புகிறவர்கள் சொல்வது: பார்த்துப் போயிட்டு வாங்க.

2. வெறும் ‘தே’யோடு நிறுத்தினால் அது வீட்டாருக்கும் கூட்டாளிக்கும். வெளியாளிடம் ‘குதாசாய்’ சேருங்கள். மாத்தே குதாசாய், காத்திருங்கள். இந்தக் குதாசாயும் ஓர் ஏவல்தான். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் கொடுப்பதைச் சொல்லும் வினையிலிருந்து வந்தது. ‘எழுதித் தாருங்கள்’ என்று நாம் கேட்கிறோமே, அதே கட்டுமானம். சொல்லும்போதே நீங்கள் ஒரு படி இறங்கி நிற்கிறீர்கள்.

3. மலாய் தெரிந்த பிள்ளைகளுக்கு இன்னொரு பிடி. ‘தோலோங் தூத்துப் பிந்து’ என்றால் எனக்காகக் கதவைச் சாத்துங்கள். ‘சிலா டூடோக்’ என்றால் உங்களுக்காக உட்காருங்கள். இரண்டையும் நீங்கள் மாற்றிச் சொல்ல மாட்டீர்கள். ஜப்பானியத்தில் தோலோங் இருக்கும் இடத்துக்கு ‘ஓனெகாய் ஷிமாஸ்’, சிலா இருக்கும் இடத்துக்கு ‘தோஸோ’. விருந்தாளியை உட்காரச் சொல்ல ‘தோஸோ, ஓகாகே நி நாத்தே குதாசாய்’. நீளம்தான். மரியாதைக்கு அந்த மொழியில் நீளம் தேவைப்படுகிறது.

4. இப்போது கறாரான ஏவல். ‘மின்னா நோ நிஹோங்கோ’ பாடநூலில் ‘தே குதாசாய்’ 14-ஆம் பாடத்திலேயே வந்துவிடும். இது 33-ஆம் பாடம் வரை காத்திருக்கும். அந்த வரிசை சரி. காக்கு (எழுத) காக்கே ஆகும், யோமு (படிக்க) யோமே ஆகும். தாபேரு தாபேரோ ஆகும். சுரு ஷிரோ, குரு கோய். இவை இரண்டும் தனி வழி.

காது பழகுவதற்காக இதைப் படியுங்கள், வாய்க்கு வேண்டாம். நான் பட்டது சொல்கிறேன். 1982-ல், ஜப்பானைப் பார்த்துக் கற்கச் சொன்ன கிழக்கை நோக்கும் கொள்கை வந்தபோது, நான் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். வகுப்புக்குப் போனதில்லை. ஜப்பானிய இன்ஜினியர் தன் ஆட்களை அதட்டுவதைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது என் ஜப்பானியம். ஒரு நாள் அச்சு இயந்திரம் எண்ணெய் கக்கியது. தூரத்தில் நின்ற அந்தப் பெரியவரைப் பார்த்து, ‘கொச்சி கோய்!’ என்று கத்தினேன். இங்கே வாடா என்று அர்த்தம். லைன் முழுக்கக் கை நின்றுபோனது. அவர் வந்தார், இயந்திரத்தைப் பார்த்தார், பழுதைச் சரி செய்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பழுதுச் சீட்டின் பின்பக்கத்தில் ‘கித்தே குதாசாய்’ என்று ஹிராகானாவில் எழுதி என் கையில் கொடுத்தார். எண்ணெய்க் கறை படிந்த அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதலாளி பேசுவதைக் கேட்டு மொழி கற்கிறவன் முதலாளியின் ஏவலைத்தான் கற்பான். இதை உங்களுக்கு யாரும் சொல்லித் தராமல் விடக்கூடாது.

5. கறாரான ஏவல் கண்ணியமாக நிற்கும் இடமும் உண்டு. சாலையில் சிவப்பு முக்கோணத்தில் ‘தோமாரே’, நில். ஆட்டக்காரர்களுக்கு ‘கான்பாரே’, விடாமல் முயற்சி செய். ஆபத்தில் அவர்களே வடிவத்தை மாற்றிக்கொள்கிறார்கள். 2024 ஜனவரி 1-ல் நோதோ நிலநடுக்கத்தின்போது என்எச்கே தொலைக்காட்சி அறிவிப்பாளர் ‘இமா சுகு நிகெரு கோத்தோ’ என்று குரல் உயர்த்தினார். உடனே தப்பிச் செல்லவும் என்பது போன்ற அறிவிப்பு வடிவம். திரையிலோ குழந்தைக்கும் புரியும்படி ‘நிகெத்தே’ என்று போட்டார்கள். அந்த நேரத்திலும் ‘தே’தான்.

6. ‘நசாய்’ அம்மாவுக்கும் ஆசிரியருக்கும் தேர்வுத்தாளுக்கும் உரியது. தாபேநசாய், சாப்பிடு கண்ணு. பெரியவர்களிடம் வேண்டாம்.

7. தடுப்பதற்கு வினையோடு ‘னா’: சவாருனா, தொடாதே. எச்சரிக்கைப் பலகையில் படித்துக்கொள்ளுங்கள். மலாயில் ‘ஜாங்கான்’ என்று சொல்ல வரும் இடத்திலெல்லாம் ‘நாய்தே குதாசாய்’ சொல்லுங்கள்.

8. மேலதிகாரியிடம் குதாசாய்கூடப் போதாது, கேள்வியாக்குங்கள். ‘ஷித்தே இத்தாதாகெமாசென் கா?’ செய்து தர முடியுங்களா?

9. கடைசியாக, சொல்லைப் போலவே உடம்பையும் கவனியுங்கள். சீட்டு எழுதிக் கொடுத்த அந்த இன்ஜினியர் ஒரு தீபாவளிக்குக் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்தார். முறுக்குத் தட்டோடு நான் கூடத்துக்கு வந்தபோது அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். குதிகால் இரண்டும் ஒட்டி, கைகள் தொடையோடு ஒட்டி, கண் சுவரில். வந்தவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இடுப்பு வரை குனிந்தார். “ஓதோசான், தோஸோ, ஓகாகே நி நாத்தே குதாசாய்” என்றார்.

“என்னய்யா சொல்றாரு?” அப்பா சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

“உட்காருங்கன்னு சொல்றாருப்பா.”

அப்பா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியின் கையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.