இரண்டு முதலாளி, ஒரு மேனேஜர்

கேள்வி: திருப்பூரில் இருவர் கூட்டாக நடத்தும் பனியன் கம்பெனியில் மேனேஜராக இருக்கிறேன். இருவருக்கும் மனக்கசப்பு, ஆளுக்கொரு உத்தரவு போடுகிறார்கள். நான் யார் பக்கம் நிற்பது?

பதில்: கணக்கின் பக்கம் நில்லுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகாதீர்கள். முதலில் கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் வேறுவிதமாகச் சொல்லியிராவிட்டால், 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி லாபம் சமபங்கு. கூடுதலாக உழைப்பவருக்குத் தனிச் சம்பளமும் கிடையாது. பல மனக்கசப்புகளின் வேர் இதுதான். அன்றாடப் பிணக்குகளில் பெரும்பான்மை முடிவு செல்லும் என்கிறது சட்டம். இருவரே இருக்கும்போது பெரும்பான்மை ஏது? ஆகவே இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து, யாருக்கு எந்தப் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதுவரை தொழிலாளர் கூலி ஒரு நாளும் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.