பாலத்துக் காற்றில் எந்த ஹெட்போன்?

கேள்வி: மன்னார்ப் பாலத்தைக் கடந்து தள்ளாடிப் பக்கம் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். இயர்பட்ஸ் வாங்கவா, கன்ன எலும்பில் பொருத்தும் ஹெட்போன் வாங்கவா? – வாசகர், உப்புக்குளம்

பதில்: சைக்கிளுக்கென்றால் எலும்புவழி ஹெட்போன்தான். அது காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் அமர்ந்து, அதிர்வை நேரே உட்செவிக்கு அனுப்புகிறது. காதுத் துளை திறந்தே இருப்பதால் பின்னால் வரும் லொறியின் ஹோர்ன் கேட்கும்.

ஆனால் திறந்த காதுக்குள் காற்றும் புகும். தம்பபவனி காற்று மின்நிலையத்தின் 30 காற்றாலைகளை உங்கள் தீவில் சும்மாவா நட்டார்கள்? சோளகம் வீசும் மாதங்களில் பாலத்தின் மேல் பாட்டு எடுபடாது. சத்தத்தைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். எலும்பு வழியாகப் போனாலும் சத்தம் சேருவது அதே உட்செவிக்குத்தான், கேடும் அதே கேடுதான். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை.

பாட்டை ரசிக்க வேண்டுமென்றால் இயர்பட்ஸ்தான். மற்றதில் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து முழக்கம்கூட மெலிந்து ஒலிக்கும். கொழும்பு பஸ்ஸில் இயர்பட்ஸே சுகம். இரண்டுக்கும் காசில்லையா? இயர்பட்ஸை வாங்கி, சைக்கிளில் இடது காதில் மட்டும் போடுங்கள். வாகனங்கள் முந்துவது வலப்பக்கமாக. அந்தக் காது சும்மா இருக்கட்டும்.

எதை வாங்கினாலும், ஐபி67 என்ற நீர்காப்பு முத்திரையைப் பார்த்துக் கடலில் இறங்கிவிடாதீர்கள். அந்தச் சோதனை நன்னீரில் செய்யப்படுவது. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் கடற்காற்றின் உப்பைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள்.