கூடை சிறிது, மடுவம் தூரம்

கேள்வி: சேர், நான் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். மகள் உயர்தரம் படிக்கிறாள். கொழும்பில் கடையில் வேலை செய்யும் என் தம்பி, பாவித்த லெப்டொப் ஒன்றை அவளுக்கு வாங்கிக் கொடுத்தார். லெனோவோ திங்க்பேட் எக்ஸ்230, கோர் ஐ5, 4 ஜிபி ரெம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. சூம் வகுப்பையும் கடந்தகால வினாத்தாளையும் ஒன்றாகத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு கடையில் வீசிவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் 16 ஜிபி போடச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?
– ஒரு தாய், வட்டகொடை

பதில்: அம்மா, இரண்டையும் கேட்க வேண்டாம். எக்ஸ்230 என்பது 2012இல் வந்த மாடல். அலுவலகப் பாவனைக்கென்று உறுதியாகச் செய்தது. அடியில் ஒரு மூடியைக் கழற்றினால் ரெம் தெரியும். பக்கவாட்டில் இன்னொரு மூடியைக் கழற்றினால் ஹார்ட் டிஸ்க்கை இழுத்தெடுக்கலாம். பிறகு வந்த மெல்லிய லெப்டொப்கள் பலவற்றில் ரெம்மைப் பலகையோடு சேர்த்து ஈயம் வைத்துவிட்டார்கள். அவற்றில் கூட்டவே முடியாது. உங்கள் தம்பி நல்ல பொருளைத்தான் பார்த்து வாங்கியிருக்கிறார்.

ஏன் நிற்கிறது என்பதை உங்கள் வேலையை வைத்தே சொல்கிறேன். ரெம் என்பது முதுகில் தொங்கும் கூடை. ஹார்ட் டிஸ்க் என்பது கொழுந்து நிறுக்கும் மடுவம். கூடை சிறிதாக இருந்தால் அடிக்கடி நிரம்பும். நிரம்பும்போதெல்லாம் மலையிலிருந்து மடுவத்துக்கு இறங்கி ஏற வேண்டும். கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் நாள் நடையிலேயே போய்விடும். 4 ஜிபியில் ஏறக்குறைய பாதியை விண்டோஸே எடுத்துக்கொள்ளும். திரையில் படம் காட்டும் பகுதியும் இந்த மாடலில் அதே ரெம்மில்தான் பங்கு கேட்கும். மிச்சத்தில் சூம், பிரவுசர், வினாத்தாள் மூன்றும் இருக்க இடமில்லாமல் லெப்டொப் சிலவற்றை ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைக்கிறது, தேவைப்பட்டால் திரும்ப ஏற்றுகிறது. ரெம்மில் ஒன்றைத் தேடியெடுக்க ஒரு செக்கனின் கோடியில் ஒரு பங்கு போதும். சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு நூற்றில் ஒரு பங்கு வேண்டும். லட்சம் மடங்கு தூர நடை. மகளின் வகுப்பு அந்த நடையில்தான் நிற்கிறது.

காசு செலவழிக்கும் முன் இதை உறுதிப்படுத்துங்கள். லெப்டொப் திணறும் அதே நேரத்தில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தச் சொல்லுங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொட்டால் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும். 90 வீதத்தைத் தாண்டி நின்று, டிஸ்க்கும் 100இலேயே கிடந்தால் குறை ரெம்மில்தான். அதே பக்கத்தில், இரண்டு ஸ்லொட்டில் எத்தனை பாவனையில் இருக்கிறது என்றும் எழுதியிருக்கும். ஒன்று காலியாக இருந்தால், இன்னொரு 4 ஜிபி மட்டும் வாங்குங்கள். இரண்டிலும் 2 ஜிபி வீதம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு 4 ஜிபி போட்டால் 6 ஆகும். அதுவே பெரிய வித்தியாசம் காட்டும். இந்த மாடல் 16 ஜிபி வரை ஏற்கும் என்பது உண்மை. ஆனால் உயர்தரப் பாடத்துக்கு 8 ஜிபி தாராளம். பாதிச் சம்பளமே கிடைக்கும் அரைப்பேர் நாட்களையும் தாண்டிச் சேர்த்த காசை மற்ற 8 ஜிபியில் போட வேண்டாம்.

கடைக்குப் போவதற்கு முன் இருக்கும் ரெம்மின் லேபலைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். தலவாக்கலைக்கோ ஹட்டனுக்கோ இரண்டாம் தடவை பஸ் ஏறாமல் இருக்க இதுதான் வழி. லேபலில் '4ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-12800எஸ்' என்பது போல ஒரு வரி இருக்கும். பிசி3 என்றால் டிடிஆர்3. 12800 என்றால் 1600 வேகம். கடைசி எஸ், லெப்டொப்புக்கான குட்டைப் பலகை என்பதற்கு. டெஸ்க்டொப் ரெம் இதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். டிடிஆர்2, டிடிஆர்4 இரண்டும் இதில் ஏறாது. பொன்னிறப் பற்களுக்கு நடுவே உள்ள வெட்டு வேறிடத்தில் இருக்கும். பலவந்தமாக அழுத்தினால் ஸ்லொட் உடையும்.

பிசி3க்குப் பின் ஓர் 'எல்' எழுத்து வரலாம். அந்த எழுத்து எனக்கு ஒரு நாளைச் சாப்பிட்டது. அக்கா மகனின் லெப்டொப் இன்டெல் நான்காம் தலைமுறை. கடையில் டிடிஆர்3 கேட்டேன், டிடிஆர்3தான் கொடுத்தார்கள். வெட்டும் பொருந்தியது, கிளிப்பும் பூட்டியது, திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. அந்தத் தலைமுறைக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் 'எல்' வகைதான் வேண்டும்; எனக்குக் கிடைத்தது 1.5 வோல்ட். பையன் மறுநாள் ஒப்படை கொடுக்க வேண்டியவன், இரவு முழுக்க முகம் வாடியே இருந்தான். உங்கள் எக்ஸ்230 மூன்றாம் தலைமுறை. அது இரண்டு வகையையும் ஏற்கும், கலந்து போட்டாலும் ஓடும். அடுத்த மாடலான எக்ஸ்240 வைத்திருப்பவர்கள் 'எல்' இல்லாமல் வாங்கக் கூடாது. அதில் ஸ்லொட்டும் ஒன்றுதான்.

பாவித்த ரெம் வாங்கப் பயப்பட வேண்டாம். அதில் சுழலும் பாகமோ தேயும் பாகமோ இல்லை. 2025 கடைசியில் ஏஐ சேவர்களுக்காகத் தொழிற்சாலைகள் திரும்பியதில் புதிய ரெம் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது. பழைய லெப்டொப்பில் கழற்றிய டிடிஆர்3தான் உங்களுக்குக் கட்டும். கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்; வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவோம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

வீட்டிலேயே பூட்டுவதானால் கட்டிலில், கம்பளியின் மேல் வைத்துச் செய்யாதீர்கள். கம்பளியும் ஸ்வெட்டரும் உரசிப் பிறக்கும் மின்சாரம் கண்ணுக்குத் தெரியாமல் சிப்பைக் கெடுக்கும். மரமேசை நல்லது. வட்டகொடைக் குளிரில் வெளியிலிருந்து வந்த லெப்டொப்பை அடுப்படிச் சூட்டுக்குள் கொண்டுபோனதும் திறக்க வேண்டாம். உள்ளே ஈரம் பூக்கும், அரை மணி நேரமாவது இருக்கட்டும். வயரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து செக்கன் அழுத்தி, பிறகு மூடியைத் திறக்கவும். ரெம்மைத் தொடும் முன் உள்ளே உள்ள வெறும் உலோகம் ஒன்றைத் தொடவும். பலகையைச் சரிவாகச் செருகி, பொன்னிறப் பற்கள் கிட்டத்தட்ட மறையும்வரை தள்ளி, அப்புறம் கீழே அமர்த்தினால் இரு பக்கக் கிளிப்பும் டக்கென்று பூட்டும். முதல் தடவை திரை வராமல் பீப் கேட்டால் பதற வேண்டாம், கழற்றி மறுபடி அமர்த்துங்கள். பழைய பலகையின் பற்கள் மங்கியிருந்தால் சுத்தமான அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிடுங்கள். பனியும் விறகுப் புகையும் உள்ள லயத்து வீடுகளில் இது அடிக்கடி காணும் குறை.

ரெம் போட்ட பின் கையில் காசு சேர்ந்தால், அடுத்தது எஸ்எஸ்டி. கூடையைப் பெரிதாக்கிய பிறகு மடுவத்தைக் கிட்டக் கொண்டுவருவது போல. 2.5 அங்குல சாட்டா வகை, 7 மில்லிமீட்டர் தடிப்பு, 240 அல்லது 256 ஜிபி போதும். இதை மட்டும் புதிதாக வாங்குங்கள்; எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயும். ஆனால் அதில் சுழலும் பாகம் இல்லை என்பது நன்மை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, பேட்டரி செத்த லெப்டொப்பில் அப்படித் திடீரென்று நின்று பழுதான ஹார்ட் டிஸ்க்குகள் எத்தனையோ என் கைக்கு வந்தன.

இன்னொரு விஷயம். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் குறைந்த இன்டெல்லை முறைப்படி ஏற்காது. போட்டுத் தருகிறோம் என்று காசு கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எஸ்எஸ்டி மாற்றும் நாளிலேயே லினக்ஸ் மின்ட் போடுவது என் யோசனை. அது இலவசம், சூம் அதிலும் வேலை செய்யும், தமிழிலும் எழுதலாம்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். மகளின் குறிப்புகள், படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. யூஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கிப் பூட்டினால் அது பென் டிரைவ் போல வேலை செய்யும். அவளையே அதைப் பூட்டச் சொல்லுங்கள்.