பாய்மரப் படகில் நியூசிலாந்து போகிறீர்களா?

பிஜி, டோங்கா பக்கமிருந்து புயல் பருவத்துக்கு முன் வரும் படகுகள் பல, நியூசிலாந்தின் ஓபுவா துறையில்தான் முதலில் ஒதுங்குகின்றன. கடலில் நாள்கணக்கில் கிடந்த களைப்பில் தவறு செய்யாமலிருக்க:

1. கிளம்பும் துறையிலேயே சுங்கத்துறையின் புறப்பாட்டுச் சான்றிதழை வாங்குங்கள். முந்தைய நாட்டை முறைப்படி விட்டு வந்ததற்கு அதுவே அத்தாட்சி.

2. வருகை அறிவிப்பு, நீங்கள் வந்து சேர்வதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே நியூசிலாந்து சுங்கத்துறைக்குப் போய்ச் சேர வேண்டும். கரையிலிருக்கும்போதே அனுப்பிவிடுங்கள், நடுக்கடலில் இணையத்தை நம்ப முடியாது.

3. அதிகம் பேர் கோட்டைவிடுவது படகின் அடிப்பாகத்தில்தான். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய 30 நாட்களுக்குள் பாசியும் சிப்பியும் போகச் சுரண்டுங்கள். சுக்கான், சுழல்விசிறி இடுக்குகளையும் விடாதீர்கள். தேதியுள்ள படங்களையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். அந்நியக் கடலுயிர்கள் ஒட்டிவந்தால் உங்கள் செலவிலேயே படகைக் கரையேற்றச் சொல்லலாம்.

4. தேன், பழம், காய்கறி, இறைச்சி, முட்டையை வழியிலேயே தீர்த்துவிடுங்கள். மீந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், மறைத்தால்தான் அபராதம்.

5. மஞ்சள் கொடியை ஏற்றுங்கள். அதிகாரிகள் அனுமதிக்கும்வரை யாரும் கரையில் கால் வைக்காதீர்கள், குப்பையையும் இறக்காதீர்கள். அதுவரை உங்களுக்கு நாட்டுக்குள் நுழைய அனுமதி கிடைத்ததாகாது.

6. கடவுச்சீட்டுகள், படகின் பதிவுப் பத்திரம், பயணிகள் பட்டியல், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே நீர்புகாப் பையில் இருக்கட்டும். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் விசாவைக் கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும்.