திருச்செவி சாற்றுதல் — சொல்லும் பொருளும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மார்கழி அத்யயன உத்ஸவ காலத்தில், "நம்பெருமாள் அரையர் ஸேவையைத் திருச்செவி சாற்றியருளுகிறார்" என்று பெரியோர் சொல்லக் கேட்கிறோம். வெளிதேசத்தில் வளரும் சிறுவன் ஒருவன் இதைக் கேட்டு, "கதவைச் சாத்துவதுபோலப் பெருமாள் காதைச் சாத்திக்கொண்டாரா?" என்று அடியேனை வினவினான். சிரித்துக் கடக்கத்தக்க வினாவன்று இது. பேச்சில் 'சாற்றி' என்பது 'சாத்தி' என்றே ஒலிக்கிறது. அவன் அறிந்த பொருளோ அடைத்தல் ஒன்றே. நாம் விளக்காதொழியின், கேட்டருளும் எம்பெருமான் அப்பிள்ளைக்குக் கேளாதவனாகவே நின்றுவிடுவான்.

திருக்கோயில் வழக்கில் சாற்றுதல் என்பது அணிவித்தலும் அணிந்துகொள்ளுதலும் ஆகும். திருமாலை சாற்றுதல், சந்தனம் சாற்றுதல், திருவாபரணம் சாற்றுதல் என்பன நாம் நாள்தோறும் வழங்குவன. சந்நிதிக் கதவை அடைப்பதையோ 'திருக்காப்புச் சேர்த்தல்' என்று வேறொரு சொல்லால் குறிக்கிறோம். ஆகவே திருச்செவி சாற்றுதலாவது, சொல்லப்படுவதை ஓர் ஆபரணத்தைப் போலத் திருச்செவியில் ஏற்று, உகந்து கேட்டருளுதல். 'செவி சாய்த்தல்' என்னும் தொடர் கேட்பவரின் இசைவைக் காட்டும். 'செவி சாற்றுதல்' அவர் கேட்டதைத் தமக்கு அணியாகக் கொண்டதையும் காட்டும். இதுவே இத்தொடரின் ஏற்றம்.

இத்தொடருக்கு இணையாக நிற்பது 'விண்ணப்பம் செய்தல்'. அரையர்களுக்கு 'விண்ணப்பஞ்செய்வார்' என்றே திருநாமம் உண்டு. பகல்பத்து இராப்பத்து நாள்களில் அவர்கள் பெருமாள் திருமுன்பே பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் விண்ணப்பம் செய்கிறார்கள். பெருமாள் திருச்செவி சாற்றுகிறார். ஒருவர் செயல் பணிவு. மற்றவர் செயல் அருள். இவ்விரண்டும் கூடியதே அருளிச்செயல் கோஷ்டி.

இதற்குச் சிறந்த உதாரணம் திருவரங்கத்தில் நிகழ்ந்தது. நம்பிள்ளை அருளிய திருவாய்மொழி வியாக்கியானத்தை வடக்குத்திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தினார். ஈடு முப்பத்தாறாயிரப்படி எனப்படும் அதனைத் தம் திருமுன்பே உபந்யஸிக்கும்படி நம்பெருமாள் மணவாளமாமுனிகளை நியமித்தருளினார். அது நிறைவுறுமளவும் தம் உத்ஸவங்களையும் நிறுத்திவைத்துத் திருச்செவி சாற்றினார் என்று குருபரம்பரை கூறும். 1433-ஆம் ஆண்டு ஆனித் திருமூலத்தன்று சாற்றுமுறை நடந்தது. இன்றும் அந்நாளை நாம் கொண்டாடி வருகிறோம்.

ஸர்வஜ்ஞனான எம்பெருமான் கேட்டு அறியவேண்டுவது ஏதுமுண்டோ எனில், இல்லை. திருமாலையால் அவனுக்கு ஓர் அழகு கூடுகிறதோ? அதுவும் இல்லை. தொடுத்தவர் அன்பு பற்றியே அவன் மாலையை அணிகிறான். ஆண்டாள் சூடிக்களைந்த மாலையை அவன் விரும்பியேற்றதும் அவ்வன்பு பற்றியே அன்றோ! அவ்வாறே, அறியாததை அறிவதற்காகவன்றி, சொல்பவரிடத்து வைத்த வாத்ஸல்யத்தாலேயே அவன் கேட்கிறான்.

இங்கே நமக்கொரு பாடம் உண்டு. அவன் உத்ஸவத்தையும் விட்டுக் கேட்டான் என்று பெருமையோடு சொல்லும் நாம், கோஷ்டியில் நின்று அயலாரோடு உரையாடுகிறோம், கைப்பேசியைப் பார்க்கிறோம், பிரஸாதம் எப்போது என்று எண்ணியபடியே பாசுரத்தை விரைந்து முடிக்கிறோம். வாடிய பூவைத் திருமேனியில் சாற்றத் துணியாத நாம், மனமில்லாச் சொல்லை மட்டும் அவன் திருச்செவிக்கு அனுப்பலாமோ? நாவு சொல்வதை முதலில் நம் செவி கேட்கவேண்டும். பொருள் முழுதும் தெரியாவிடினும், ஒரு பாசுரத்திலேனும் மனம் நிற்கவேண்டும்.

வழங்கும் முறையையும் அறிதல் வேண்டும். எம்பெருமான், பிராட்டி, ஆழ்வார், ஆசார்யர்கள் கேட்டருளுவதையே திருச்செவி சாற்றுதல் என்போம். ஆசார்யனிடம் ஒன்றைத் தெரிவிக்கையில் "தேவரீர் திருச்செவி சாற்றியருளவேணும்" என்று விண்ணப்பிக்கலாம். நம்மைக் குறிக்கையில் "அடியேன் கேட்டேன்", "காலக்ஷேபம் கேட்டேன்" என்பதே தகும்.

இவ்வளவும் கேட்ட அச்சிறுவன், "எனக்கு ழகரம் வாராது, நான் சொன்னாலும் சாற்றுவாரா?" என்றான். "குழந்தை தொடுத்த மாலையில் முடிச்சுக் கோணலாக இருக்கும். அதற்காக அதைத் தள்ளுவாரோ? முயன்று திருத்திக்கொள், திருந்துமளவும் சொல்லாதிராதே" என்றேன். மறுநாள் அவன் திருப்பல்லாண்டைச் சொல்லத் தொடங்கினான். ழகரம் வரவில்லை, பராக்குப் பார்க்கவுமில்லை.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.