மூடுபனியும் இரண்டு கோடுகளும்

சம நீளமுள்ள இரு கோடுகளை வரையுங்கள். ஒன்றின் இரு முனைகளிலும் அம்புத் தலை போடுங்கள். மற்றதன் முனைகளில் அதே சிறகுகளை வெளிப்புறமாக விரித்துவிடுங்கள். இரண்டாவது கோடு நீண்டதாகத் தோன்றும். அளந்து பார்த்த பின்பும் அப்படியே தோன்றும்! முல்லர்-லையர் என்ற ஜெர்மானியர் 1889ல் வெளியிட்ட கண்மயக்கு இது.

இதைக் கொண்டு நாங்கள் ஒரு மனோதத்துவச் சோதனை தொடங்கினோம். கோடுகள் சமமாகத் தோன்றும்வரை ஓர் அட்டையை நகர்த்த வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் தவறுகிறது என்று குறித்துக்கொள்வோம். பழனி, வத்தலக்குண்டுப் பக்கத்து விடுதி மாணவியரைக் காலையில் சோதித்தோம். மேல்மலைக் கிராமத்துப் பிள்ளைகளின் முறை மாலையில் வந்தது. அதற்குள் கொடைக்கானல் மேகம் ஜன்னல்வரை இறங்கிவிட்டது. அவர்களுடைய தவறு கூடுதலாக இருந்தது. "மலைப் பிள்ளைகளுக்குக் கண்ணளவு குறைவு" என்று கரும்பலகையில் எழுதியும்விட்டோம். பூம்பாறைத் தோழி தலை நிமிரவே இல்லை.

சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, "ஊர் காரணமா, வெளிச்சம் காரணமா?" என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. இரண்டு சாரா மாறிகளை ஒன்றாகப் பின்னிவிட்டிருந்தோம். முதல் வேலையாக அந்த வரியை அழித்தோம்.

பிறகு புதிதாகத் திட்டமிட்டோம். மேகத்தை அழைக்க முடியாது, திரைச்சீலையை இழுத்துவிடலாம். மலைப் பிள்ளைகள் 20 பேரில் சீட்டுக் குலுக்கி, 10 பேருக்கு நல்ல வெளிச்சம், 10 பேருக்கு மங்கிய வெளிச்சம். சமவெளிப் பிள்ளைகள் 20 பேருக்கும் அப்படியே. ஆக நான்கு குழுக்கள். ஊரை ஒப்பிட்டாலும் 20க்கு 20, வெளிச்சத்தை ஒப்பிட்டாலும் 20க்கு 20. அதே 40 பேர் இரண்டு கேள்விக்கும் போதும். பயிர்ச் சோதனைகளுக்காக ரொனால்ட் ஃபிஷர் வற்புறுத்திய சிக்கனம் இது.

அதைவிடப் பெரிய லாபம் வேறொன்று. மங்கிய வெளிச்சம் சமவெளிப் பிள்ளைகளை மட்டும் தடுமாறச் செய்து, மூடுபனிக்குப் பழகியவர்களை அசைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது "வெளிச்சம் முக்கியமா?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, "யாருக்கு?" என்று கேட்டாக வேண்டும். இதற்கு இடைவினை என்று பெயர். ஒரு மாறியை மட்டும் வைத்து எத்தனை முறை சோதித்தாலும் இது கண்ணில் படாது.

ஊரை மட்டும் சீட்டுக் குலுக்கிக் கொடுக்க முடியாது. நீலகிரியில் 1901-02ல் தோடர்களைச் சோதித்த ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயருக்கும் இதே சங்கடம்தான். இந்தக் கண்மயக்கில் ஆங்கிலேயரைவிடத் தோடர்கள் குறைவாகவே ஏமாந்தார்கள் என்று 1905ல் எழுதினார். (எங்கள் கரும்பலகை வரிக்கு நல்ல பதில்!) மூலைகள் நிறைந்த வீட்டில் வளர்ந்ததால்தான் மற்றவர்கள் ஏமாறுகிறார்கள் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். தோடர் குடிசை பீப்பாயைப் பாதியாகப் பிளந்தாற்போல வளைந்தது. ஆனால் வீட்டோடு படிப்பு, பழக்கம் எல்லாமே மாறுகின்றனவே!

வயதையும் சேர்க்கலாமா என்று கேட்டோம். 1966ல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், பெரும்பாலான சமூகங்களில் பெரியவர்களைவிடக் குழந்தைகளே அதிகம் ஏமாந்தார்கள். ஆனால் மூன்று மாறிகள் என்றால் எட்டுக் குழுக்கள். 40 பேரைப் பிரித்தால் ஐந்தைந்து பேர்தான். "முதலில் திரைச்சீலையைத் தையுங்கள்" என்றார்கள் சிஸ்டர்.