பழைய சோறும் பஸ்கியும்: உலக ஆணழகன் மனோகர் ஆய்ச்



அவிநாசி பக்கம் ஒரு கிராமத்தில் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து கடன் மனு எடுத்தார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகும் ஓர் அக்கா 3,500 ரூபாய் கேட்டிருந்தார். "எதுக்குங்க அக்கா?" என்று ஊக்குநர் கேட்டதும் கொஞ்சம் தயங்கினார்.

"பையன் ஜிம்முக்குப் போறானுங்க. பவுடர் டப்பா வேணுமாம். அதைக் குடிச்சாத்தான் உடம்பு ஏறுமாம். வாங்கித் தரலைன்னு மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருக்கான்."

எல்லோரும் சிரித்தோம். மூலையில் இருந்த ஒரு பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அது கிடக்கட்டும் கண்ணு, காத்தால நீ என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார். "ஒரு டீயும் பன்னுமுங்க. எட்டரைக்குக் கம்பெனியில இருக்கோணுமே." மருத்துவ முகாமில் அந்த அக்காவுக்கு ரத்தம் 8 கிராம்தான் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கடனை மறுக்கவும் மனசில்லை, கொடுக்கவும் மனசில்லை. "இந்த உடம்பு ஏத்துற விசயத்தப் பத்தி விசாரிச்சுட்டு வந்து சொல்லுங்க, அப்புறம் முடிவு பண்றோம்" என்று எங்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் நாங்கள் சொன்ன கதைதான் இந்த மாதப் பாடம். மற்ற சங்கங்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறோம்.

சாகக் கிடந்த பையன்

ஆணழகன் போட்டி என்றதும் நம் பையன்களுக்கு ஞாபகம் வருவது சினிமா நடிகர் அர்னால்டுதான். அவர் 'மிஸ்டர் யுனிவர்ஸ்' பட்டம் வாங்கியது 1967-இல். அதற்கு 15 வருடம் முன்பே, 1952-இல், நம் நாட்டுக்காரர் ஒருவர் லண்டனில் அந்தப் பட்டத்தை வாங்கியிருக்கிறார். அந்தப் போட்டியை உயரத்தை வைத்துப் பல பிரிவாக நடத்துவார்கள். குட்டையானவர்கள் பிரிவில் அவர் வென்றார். அவர் பெயர் மனோகர் ஆய்ச். உயரம் 4 அடி 11 அங்குலம்தான்! 'பாக்கெட் ஹெர்குலஸ்' என்று செல்லப் பெயர். ஹெர்குலஸ் என்றால் கிரேக்க நாட்டுக் கதைகளில் வரும் பலசாலி, நம்ம பீமன் மாதிரி.

ஆய்ச் 1912-இல் வங்காளத்தில் கொமில்லா மாவட்டத்து கிராமம் ஒன்றில் பிறந்தார். அந்த ஊர் இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது. வசதியில்லாத குடும்பம். 12 வயதில் காலா அசார் என்ற கருங்காய்ச்சல் வந்தது. ஒரு வகை மணல் ஈ கடிப்பதால் பரவும் நோய் இது. சரியான வைத்தியம் இல்லாவிட்டால் உயிரையே எடுத்துவிடும். ஆய்ச் பிழைத்தார். ஆனால் உடம்பு எலும்பும் தோலுமாகிவிட்டது. அதைத் தேற்றத்தான் தண்டாலும் பஸ்கியும் எடுக்க ஆரம்பித்தார். பரிசு வாங்க வேண்டும் என்றோ, போட்டோவில் அழகாக இருக்க வேண்டும் என்றோ அவர் ஆரம்பிக்கவில்லை. எழுந்து நடமாடத் தெம்பு வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார்.

தெம்பு வந்தது. வாலிப வயதில், பிரபல மந்திரவாதி பி.சி.சர்க்காரின் மேடையில் பல்லால் இரும்புக் கம்பியை வளைத்துக் காட்டும் அளவுக்கு வந்தது.

சிறைக்குள் ஒரு ஜிம்

1942-இல் ஆய்ச் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். எடை தூக்கிப் பயிற்சி செய்யும் முறையை அங்கே ஒரு வெள்ளைக்கார அதிகாரிதான் சொல்லிக் கொடுத்தார். அதே படையில் வேறொரு அதிகாரி இந்தியர்களை இழிவாகப் பேசியபோது, ஆய்ச் அவரை ஓங்கி அறைந்துவிட்டார். ஆண்டது வெள்ளைக்காரன், அறைந்தது சாதாரணச் சிப்பாய். சும்மா விடுவார்களா? சிறையில் போட்டார்கள்.

சிறையில் என்ன கருவி இருக்கும்? ஒன்றும் கிடையாது. இருந்தது தரையும் சுவரும் அவர் உடம்பும்தான். அதை வைத்தே தண்டால், பஸ்கி என்று ஒரு நாளைக்குப் 12 மணி நேரம் வரைகூடப் பயிற்சி செய்தாராம். அதைப் பார்த்து அசந்துபோன சிறை அதிகாரிகளே அவருக்குத் தனியாகச் சத்தான சாப்பாடு கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். உழைப்பு மட்டும் போதாது, அதற்குத் தகுந்த சாப்பாடும் வேண்டும் என்பது அந்தச் சிறை அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கிறது. நம் வீடுகளில் பல சமயம் இது தெரிவதில்லை.

இளநீர் விற்றவர் லண்டன் போனார்

சுதந்திரம் வந்தபோது விடுதலையானார். வெளியே வந்தால் வேலை இல்லை. வீட்டில் நான்கு குழந்தைகள். கல்கத்தா சியால்டா ரயில் நிலையத்தில் இளநீர் விற்றார். பொள்ளாச்சி ரோட்டோரம் நாம் பார்க்கிறோமே, அதே மாதிரி! ஆனாலும் பயிற்சியை விடவில்லை.

1951-இல் லண்டன் 'மிஸ்டர் யுனிவர்ஸ்' போட்டிக்குப் போனார். இரண்டாம் இடம்தான் கிடைத்தது. அந்த வருடம் அவர் பிரிவில் வென்றவரும் ஒரு வங்காளிதான், மனதோஷ் ராய். ஆய்ச் ஊர் திரும்பவில்லை. பிரிட்டிஷ் ரயில்வேயில் ஒரு வேலையைப் பிடித்து அங்கேயே தங்கினார். பகலில் வேலை, மிச்ச நேரத்தில் பயிற்சி. அடுத்த வருடம், 1952-இல், பட்டம் அவர் கைக்கு வந்தது. அப்போது வயது 40!

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசிப்போம். கேடயத்தில் ஆய்ச்சின் பெயர் இருக்கிறது. சிறைக்காலத்தையும் வறுமையையும் கூடவே தாங்கி, அந்த நான்கு குழந்தைகளை வளர்த்த அம்மாவின் பெயர் எந்தக் கேடயத்திலும் இல்லை. ஒரு ஆள் மேடை ஏறினால் பின்னால் ஒருத்தர் அடுப்படியில் நிற்கிறார். அவர் சாப்பிட்டாரா என்று யாரும் கேட்பதில்லை.

பட்டம் சோறு போட்டதா?

போடவில்லை. உலகப் பட்டம் வாங்கிய பிறகும் ஆய்ச் பணக்காரர் ஆகவில்லை. சர்க்கஸ்களில் பலம் காட்டிப் பிழைத்தார். கல்கத்தாவில் உடற்பயிற்சிக் கூடம் வைத்துப் பல தலைமுறைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1960-இல், 48 வயதில்கூட, உலகப் போட்டியில் போய் நின்றார். 2011-இல் பக்கவாதம் தாக்கும் வரை எடை தூக்குவதை விடவில்லை. 2016 ஜூன் 5-ஆம் தேதி 104-ஆவது வயதில் காலமானார்.

நூறு வயதைத் தொட்டபோது எல்லோரும் ரகசியம் கேட்டார்கள். அவர் சொன்ன பதில் சாதாரணமானது. பீடி, சிகரெட் கிடையாது. சாராயம் கிடையாது. சோறு, பருப்பு, காய்கறி, மீன், பால், பழம். மனக்கவலையைத் தலையில் ஏற்றிக்கொள்வதில்லை. அதோடு முக்கியமாகப் பழைய சோறு! வங்காளத்தில் அதற்குப் 'பந்தா பாத்' என்று பெயர். ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் வெங்காயம், மிளகாய் கடித்துக்கொண்டு சாப்பிடுவது. நம்ம வீட்டுப் பழைய சோறேதான்.

அப்படியானால் பவுடர்?

அந்தக் கூட்டத்துக்கு அக்காவின் மகனையும் வரச் சொல்லியிருந்தார்கள். வந்து வாசப்படியிலேயே உட்கார்ந்திருந்தான். கதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப பவுடர் விஷமாங்க?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பதிலை மூன்றாகப் பிரித்துச் சொன்னோம்.

ஒன்று: தசை எப்படி வளர்கிறது? எடை தூக்கும்போது தசைக்கு வேலை கூடுகிறது. அதற்கு ஈடுகொடுக்க, சாப்பாட்டில் உள்ள புரதத்தை எடுத்து உடம்பு தசையைப் பலப்படுத்திக் கொள்கிறது. இதில் பெரும்பகுதி ஓய்வு நேரத்திலும் தூக்கத்திலும் நடக்கிறது. பயிற்சி, புரதம், தூக்கம் மூன்றும் வேண்டும். டப்பாவில் இருப்பது இதில் ஒன்று மட்டும்தான்.

இரண்டு: பவுடர் பெரும்பாலும் பாலில் இருந்து எடுத்த புரதம். பால் திரிந்தால் தெளிவாக ஒரு தண்ணீர் நிற்குமே, அதில் இருந்து எடுப்பது. விஷம் இல்லை. ஆனால் கட்டாயமும் இல்லை. போலி டப்பாக்களும் விற்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கணக்கும் போட்டுப் பார்த்தோம். 3,500 ரூபாய்க்கு ஒரு கிலோ டப்பா. அதில் புரதம் முக்கால் கிலோ. முட்டை 7 ரூபாய் என்று வைத்தாலும் அதே காசுக்கு 500 முட்டை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். மொத்தம் 3 கிலோ! நிலக்கடலை 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு. கொள்ளு, பச்சைப்பயிறு, தட்டைப்பயிறில் 20 கிராமுக்கு மேல் உண்டு. கொள்ளுப்பருப்பு நமக்குப் புதுசா என்ன?

மூன்று: ஊசி. இதைத்தான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சீக்கிரம் உடம்பு ஏற வேண்டும் என்று சில இடங்களில் ஸ்டீராய்டு என்ற ஹார்மோன் ஊசி, மாத்திரை தருகிறார்கள். இதயம், கல்லீரல் கெடும். ஆண்களுக்கு விந்தணு குறைந்து குழந்தைப் பேறே பாதிக்கலாம். மகன் ஜிம்முக்குப் போவதைத் தடுக்க வேண்டாம். அது நல்ல பழக்கம். ஆனால் "ஊசி போடுறாங்களா கண்ணு?" என்று தாய் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

நம்ம உடம்புக்கு யார் கடன் தருவது?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், ஒன்றரை ஷிப்ட் நின்றால் கால் மரத்துப் போகும். "வேலை ஜாஸ்தி, அதான் அசதி" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை:

1. காலையில் வெறும் டீயோடு ஓடக்கூடாது. பழைய சோறு, கம்மங்கூழ், ராகிக் களி எதுவானாலும் சரி. கூடவே ஒரு முட்டையோ, ஒரு கை கடலையோ, பயிறோ இருக்கட்டும். பழைய சோறு மட்டும் போதாது. ஆய்ச்சும் பருப்பு, மீன், பால் சேர்த்துத்தான் சாப்பிட்டார்.

2. சாப்பிட்ட உடனே டீ குடிக்க வேண்டாம். இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை டீ குறைக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். கீரை, பயிறோடு எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் சத்து நன்றாகச் சேரும்.

3. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் தரும் இரும்புச்சத்து மாத்திரையை முழுசாகச் சாப்பிடுங்கள். அலமாரியில் வைத்தால் ரத்தம் ஊறாது!

4. நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்தே இருக்கிறோம். 35, 40 வயதுக்கு மேல் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பும் பலம் இழக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு 10 பஸ்கி, சுவரில் கை ஊன்றி 10 தண்டால், தோளைச் சுழற்றுவது என்று தினம் பத்து நிமிடம் போதும். முட்டி வலி, கடும் ரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டு ஆரம்பிக்கவும்.

"பொம்பளைக்கு எதுக்குங்க இந்த தண்டால், பஸ்கி?" என்று ஒருவர் கேட்டார். பக்கத்து ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண்ணே அவர்தான். நாம் 240 கிலோ தூக்க வேண்டாம். தண்ணீர்க் குடத்தை மூச்சு வாங்காமல் தூக்கினால் போதும்.

கடன் என்ன ஆச்சு?

மனுவை மூன்று மாதம் ஒத்தி வைப்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். அதுவரை பையன் முட்டை, கடலை, கொள்ளு சாப்பிட்டு ஜிம்முக்குப் போவது. அம்மா காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் கம்பெனிக்குப் போவது. சாப்பிட்டாரா என்று பார்த்துக்கொள்வது பையன் பொறுப்பு. மூன்று மாதம் கழித்து அம்மா ரத்தம் பார்த்துக்கொண்டு வர வேண்டும், பையனும் கூட வர வேண்டும். "சரிங்க" என்று இரண்டு பேரும் தலையாட்டினார்கள். என்ன ஆனது என்று பிறகு எழுதுகிறோம்.

வாரம் இருபது ரூபாயில் ஆரம்பித்த சேமிப்பு இன்று சங்கத்துக்கே மூலதனமாக இருக்கிறது. உடம்பும் அப்படித்தான். ஒரே நாளில் டப்பாவில் வாங்க முடியாது, தினம் கொஞ்சம் கட்ட வேண்டும். ஆய்ச் அப்படித்தான் 12 வயதில் இருந்து கட்டினார்.

கூட்டத்தில் பேச:

1. நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? ஏன்?
2. நம் சங்கத்தில் எத்தனை பேருக்குத் தங்கள் ரத்த அளவு தெரியும்?
3. காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போகும் உறுப்பினர்களுக்குச் சங்கம் என்ன செய்யலாம்?

பேசி எடுத்த முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.